பணிவின் மறுபாதி

பணிவைப் போற்றாத சமயம் உலகில் இல்லை. நம் தச தருமத்தில் உத்தம க்ஷமைக்கு அடுத்து நிற்பது உத்தம மார்தவம். வள்ளுவப் பெருந்தகையும் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பணிவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரியோர் முன் வணங்கி நிற்றல், இன்சொல் கூறல், தற்புகழ்ச்சி தவிர்த்தல் முதலியன. இவை யாவும் பணிவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணிவு இவ்வளவோடு நிறைவு பெற்றுவிடுகிறதா?

கொடுத்தே பழகிய ஒருவர், பெறவேண்டிய நாள் வந்ததும் ஏன் மனம் கசக்கிறார்? அனைவர்க்கும் அல்லும் பகலும் உழைத்து, எவரிடத்தும் எதனையும் பெற மறுக்கும் தாயிடம் அவர் பெற்ற பிள்ளைகளே நெருங்கிப் பேச ஏன் தயங்குகின்றனர்? 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்னும் சொல் வீட்டில் மகிழ்ச்சியை வளர்க்காமல் மௌனத்தை வளர்ப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்குக் கிறித்தவ மறைநூலில் வரும் ஒரு நிகழ்ச்சி பெரிதும் துணைபுரிகிறது. அதனையும், அதன் வழிவந்த சில சான்றுகளையும் இங்கு எண்ணிப் பார்ப்போம். பிற சமயத்தார் கண்ட உண்மைகளைத் திறந்த மனத்தோடு ஆராய்தல் நமக்குப் புதியதன்று.

மேலறையில் நடந்தது

இயேசுநாதர் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவு. எருசலேம் நகரில் தம் சீடர்களோடு அவர் உணவருந்திக் கொண்டிருந்தார். அந்நாளில் பாலஸ்தீன மக்கள் செருப்பணிந்து புழுதி வழியே நடப்பவர்கள். ஆதலின் வீட்டிற்கு வந்தவர் கால் கழுவ நீர் தருதல் விருந்தோம்பலின் முதற்கடமை. காலைக் கழுவிவிடும் வேலையோ வீட்டின் கடைநிலை ஏவலாளருக்கு உரியது. அன்று அவ்வறையில் அவ்வேலைக்கு எவரும் எழவில்லை. லூக்கா எழுதிய நற்செய்தி, அவ்விருந்தின்போதே தம்முள் யார் பெரியவர் என்னும் வாக்குவாதம் சீடரிடையே எழுந்தது என்று கூறுகிறது. யார் பெரியவர் என்று வழக்காடுவோரில் எவர் முதலில் நீர்ப்பாத்திரத்தைத் தூக்குவார்?

அப்போது குருவே எழுந்தார் என்கிறது யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். மேலாடையைக் கழற்றி வைத்தார். ஒரு துண்டை இடையில் கட்டிக்கொண்டார். பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவி, அத்துண்டினாலேயே துடைத்தார்.

இங்கு இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். தாம் எங்கிருந்து வந்தவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது யாது என்பதை நன்கறிந்தே அவர் இதனைச் செய்தார் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. தம் நிலையைப் பற்றிய ஐயமோ, தாழ்வு மனப்பான்மையோ அவரைக் குனியச் செய்யவில்லை. தம்மைத் தெளிவாக அறிந்தவர்க்குக் குனிவதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இது முதற்செய்தி.

அவரைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்கத் துணிந்துவிட்ட யூதாசும் அவ்வறையில் இருந்தான். அவன் எழுந்து வெளியே சென்றது கால் கழுவிய பின்னரே. அவன் எண்ணம் குருவுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், அவன் காலை மட்டும் விட்டுவிட்டு அவர் கடந்து போகவில்லை. தகுதி பார்த்துப் பணிவு காட்டுவோமாயின் அது ஒருவகைக் கொடுக்கல் வாங்கலாகிவிடும் என்பதை இச்செய்தியால் உணரலாம்.

பேதுரு ஏன் மறுத்தார்?

இந்நிகழ்ச்சியில் நம் கருத்துக்கு மிகவும் இன்றியமையாத பகுதி இனி வருவதே. சீடருள் மூத்தவராக விளங்கிய பேதுருவின் முறை வந்தது. அவர் திகைத்தார். தம் காலைக் குரு தொடுவதா, ஒருநாளும் அது கூடாது என்று மறுத்துவிட்டார். கழுவ இசையாவிடில் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று குரு உணர்த்தினார். உடனே பேதுரு மறுகோடிக்குத் தாவினார். அவ்வாறாயின் கால் மட்டும் போதாது, கையையும் தலையையும் கழுவ வேண்டும் என்றார். குளித்து வந்தவனுக்குக் கால் கழுவினாலே போதும் என்று கூறி, அதனையும் குரு ஏற்கவில்லை.

பேதுருவின் மறுப்பு முதல் நோக்கில் பணிவாகவே தோன்றுகிறது. நம்மில் எவரும் அவ்விடத்தில் அவ்வாறே சொல்லியிருப்போம். சற்று ஆழ்ந்து நோக்கினால், அம்மறுப்பினுள் ஒரு தன்முனைப்பு ஒளிந்திருப்பது புலனாகும். 'எனக்கு எது தகும், உமக்கு எது தகும் என்பதை நானே முடிவு செய்வேன்' என்பதே அதன் உட்பொருள். அடுத்து, கையையும் தலையையும் கழுவ வேண்டியபோதும் அளவை முடிவு செய்தவர் அவரே. மறுத்ததிலும் மிகுதியாகக் கேட்டதிலும் அவர் உள்ளம் ஒன்றாகவே இருந்தது. தரப்படுவதை, தரப்படும் அளவில், அமைதியாக ஏற்றுக்கொள்ளுதல் அவருக்கு அரிதாயிற்று.

கழுவி முடித்தபின் இயேசுநாதர் சீடர்க்கு இட்ட கட்டளை, அவர்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்பது. 'ஒருவர்க்கொருவர்' என்னும் சொல்லில்தான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒருவர்க்கொருவர் கழுவுவதாயின், ஒவ்வொருவரும் ஒரு நேரம் குனியவும் வேண்டும், ஒரு நேரம் அமர்ந்து காலை நீட்டவும் வேண்டும். அனைவரும் குனிந்தே நின்றால் கழுவுவதற்குக் கால் ஏது? குனிதல் பணிவின் ஒரு பாதியாயின், பிறர் தொண்டை நாணாது ஏற்றல் அதன் மறுபாதி.

கொடுப்பவர் கை மேலே இருக்கிறது. பெறுபவர் கை கீழே இருக்கிறது. என்றும் கொடுப்பவராக மட்டுமே இருப்பவர், தம்மையறியாமலே தம்மைச் சூழ்ந்த அனைவரையும் கடனாளிகளாக வைத்திருக்கிறார். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரை மதிப்பர், அஞ்சுவர். அவரிடம் உரிமையோடு அன்பு செலுத்துவது கடினம். கடனைத் திருப்பித்தர ஒரு வாய்ப்பாவது தந்தால்தான் உறவு சமநிலை பெறும்.

நம் சமயத்தார்க்கு இது விளங்காத செய்தியன்று. அனைத்தையும் துறந்த முனிவர், இல்லறத்தார் இடும் உணவைக் குவிந்த தம் கைகளிலேயே ஏற்று உண்பதை நாம் கண்டு வணங்குகிறோம். அவர் ஏற்றுக்கொள்வதே இல்லறத்தார்க்குக் கிடைக்கும் பேறு என்கிறோம். ஏற்பதும் ஓர் அருட்செயலாகலாம் என்பதை அக்காட்சி நமக்கு என்றோ கற்பித்திருக்கிறது.

பிலிப்பி நகரத்துப் பெண்மணிகள் இருவர்

கிரேக்க நாட்டின் வடபகுதியில் பிலிப்பி என்றொரு பழைய நகரம் இருந்தது. அது ரோமப் பேரரசின் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட அவ்வூரில் ரோமக் குடிமகன் என்பது பெரும்பெருமை. அக்காலக் கிரேக்க மொழியில் தாழ்ந்த நிலையைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் இழிவுச் சொல்லாகவே வழங்கிற்று. அத்தகைய ஊரிலிருந்த சிறிய கிறித்தவக் குழுவிற்குப் பவுல் அடிகள் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். தாழ்மையைக் குறித்துக் கிறித்தவ உலகம் இன்றும் மிக உயர்வாகப் போற்றும் பகுதி அக்கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. இறைநிலையில் இருந்தவர் அதனைப் பற்றிக்கொண்டிராது, அடிமையின் நிலையேற்று, அடிமைகளுக்கும் கொடுங்குற்றவாளிகளுக்கும் உரிய சிலுவைச் சாவு வரை தம்மைத் தாழ்த்தினார் என்பது அதன் சாரம்.

இவ்வளவு உயர்ந்த கருத்தைப் பவுல் ஏன் அவ்வூரார்க்கு எழுதினார்? கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தைப் படிப்போர்க்கு ஒரு விடை கிடைக்கிறது. அக்குழுவில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் பெண்மணிகள் இருவர் மனம் ஒவ்வாது நின்றனர். இருவரும் பவுலோடு சேர்ந்து தொண்டில் உழைத்தவர்கள். பிணக்கின் காரணம் அங்கே எழுதப்படவில்லை. அது ஒருவகையில் நன்றே. எழுதியிருந்தால், படிப்போராகிய நாம் உடனே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறத் தொடங்கியிருப்போம்.

பவுல் அவர்களிடம் பேசிய முறை ஆசிரியர்க்கும் குடும்பத்தலைவர்க்கும் பாடமாகத் தக்கது. இருவர் பெயரையும் சொன்னார். இருவரையும் தனித்தனியே, ஒரே வினைச்சொல்லால் வேண்டிக்கொண்டார். ஒருவரைக் குற்றவாளியாக்கி மற்றவரை மகிழ்விக்கவில்லை. அவர்கள் முன்பு செய்த தொண்டை ஊரறிய நினைவூட்டினார். அங்கிருந்த மூன்றாமவர் ஒருவரையும் அழைத்து, இவ்விருவர்க்கும் துணைசெய்யுமாறு கேட்டுக்கொண்டார். உதவி பெறாமல் இருவரும் தாமே இணங்கிவிடுவர் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சமாதானம் பேச வருபவரை உள்ளே விடுவதற்கும் பணிவு வேண்டும். 'எங்கள் வீட்டுச் செய்தியில் பிறர் தலையிட வேண்டா' என்று கதவடைக்கும் குடும்பங்களில் எத்தனை பிணக்குகள் ஒரு தலைமுறையைக் கடந்தும் வாழ்கின்றன!

மூன்றாமவராக வருவோர்க்கும் பணிவு தேவை. எகிப்துப் பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோசே என்னும் துறவி முன்னாளில் கொள்ளையராக இருந்தவர். சக துறவி ஒருவர் செய்த தவற்றை விசாரிக்க அவையினர் அவரை அழைத்தனராம். அவர் ஓட்டைக் குடமொன்றில் நீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். நீர் வழியெங்கும் ஒழுகிற்று. காரணம் கேட்டவர்களிடம், தம் குற்றங்கள் இவ்வாறே தம் முதுகுக்குப் பின்னால் தாம் காணாதவாறு ஒழுகுகின்றன என்றும், அத்தகைய தாம் இன்று மற்றொருவரைத் தீர்ப்பிட வந்திருப்பதாகவும் கூறினார். அவையினர் அத்துறவியை மன்னித்தனர் என்பது பழந்துறவியர் வரலாறு.

மடத்தின் சட்டம்

உயர்ந்த எண்ணங்கள் உள்ளத்தில் தோன்றினால் மட்டும் போதா. அன்றாடப் பழக்கமாக மாறவேண்டும். இதனை நன்குணர்ந்தவர் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இவரை ஆசீர்வாதப்பர் என்று அழைப்பர். மடங்களில் கூடி வாழும் துறவியர்க்காக இவர் வகுத்த ஒழுங்கு 73 அதிகாரங்களைக் கொண்டது. அதன் 7ஆம் அதிகாரம் பணிவைப் பன்னிரு படிகளாக வகுத்துக் காட்டுகிறது. ஆயினும் உறவு பற்றிச் சிந்திப்போர்க்கு மற்ற சில அதிகாரங்களே மிகுந்த பயன் தருவன.

அம்மடங்களில் சமையற்கட்டு வேலை வாரமுறையில் ஒவ்வொருவர்க்கும் வரும். அவ்வேலையைத் தாழ்வென்று கருதி எவரும் விலகலாகாது. வாரம் முடிந்து செல்பவரும் புதிதாக வருபவரும் சேர்ந்து மடத்திலுள்ள அனைவர் காலையும் கழுவவேண்டும். இந்த வாரம் கழுவியவர் அடுத்த வாரம் காலை நீட்டி அமர்வார். மேலே கண்ட 'ஒருவர்க்கொருவர்' என்னும் சொல் இங்கே நாட்காட்டியில் ஏறிவிடுகிறது. விருந்தினர் வந்தால் அவர் கைக்கு நீர் வார்ப்பவர் மடத்தலைவர். காலைக் கழுவுவோர் தலைவரும் துறவியர் அனைவரும்.

இன்னும் ஒரு விதி 3ஆம் அதிகாரத்தில் உண்டு. பெரிய செய்தி எதையேனும் முடிவுசெய்ய வேண்டின், தலைவர் அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். மிக இளையவரையும் விலக்கலாகாது. நல்ல வழியை இறைவன் பலமுறை இளையவர்க்கே காட்டுகிறான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இளையவர் சொல்லைக் கேட்டுக்கொள்வதும் மூத்தவர் காலை நீட்டுவது போன்றதே.

இவ்விடத்தில் எங்கள் ஆசிரியப் பயிற்சி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அது கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பயிற்சிப்பள்ளி. பயிற்சி பெறுவோர் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் அமர்ந்து குறைநிறைகளைக் குறிப்பெடுத்துப் பின்னர்ப் படித்துக் காட்டுவோம். அதற்குக் கிரிட்டிசிசம் வகுப்பு என்று பெயர். பாடம் நடத்தியவர் மறுமொழி கூறாது அனைத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். நாற்பது மணித்துளி பாடம் நடத்துவதைவிட, பத்து மணித்துளி அவ்வாறு வாய்மூடி அமர்ந்திருப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. ஆண்டுக்கொரு முறை தலைமையாசிரியை அம்மையாரே பாடம் நடத்தி, எங்களைக் குறை கூறச் சொல்வார். ஒருமுறை, கரும்பலகையில் எழுதும்போது அம்மையார் வகுப்புக்கு நெடுநேரம் முதுகு காட்டி நின்றதாக எங்களுள் மிகக் கூச்சமுடைய மாணவி நடுங்கியபடி படித்தாள். அம்மையார் அதனை அப்படியே தம் குறிப்பேட்டில் எழுதினார். 'உண்மை, நன்றி' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் குறைகளை அவர் எடுத்துரைத்தபோது எவர்க்கும் வலிக்கவில்லை.

பழக்கமாக்கியது நாளடைவில் வெறும் சடங்காகிவிடுவதும் உண்டு. இங்கிலாந்து நாட்டு அரசர்கள் முற்காலத்தில் பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவி வந்தனர். பின்னர் அவ்வழக்கம் மறைந்தது. இன்று அரசரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் தனியே அச்சிட்ட வெள்ளிக்காசுகளை வழங்குகின்றனர். காசு கொடுப்பதும் நற்செயலே. ஆயினும் காசு கொடுக்கக் குனிய வேண்டுவதில்லை. நம் வீடுகளிலும் உற்றாரைப் பார்க்கச் செல்லவேண்டிய இடத்திற்கு மணியார்டர் மட்டும் சென்ற காலத்தை நாம் கண்டிருக்கிறோம்.

போலிப் பணிவு

பணிவுபோல் தோன்றி ஏமாற்றுவனவும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துப் பெர்னார்து, பெனடிக்டின் பணிவுப் படிகளை விளக்கப் புகுந்து, செருக்கின் பன்னிரு படிகளை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் முதற்படி ஆணவப் பேச்சன்று. தன்னை விட்டுப் பிறரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண். அடுத்த வீட்டார் எப்படி வாழ்கின்றனர், மைத்துனி மகன் எவ்வளவு வாங்குகிறான் என்று அளக்கத் தொடங்கும்போதே செருக்கின் வாயிலில் கால் வைத்துவிடுகிறோம்.

அவ்வரிசையின் எட்டாம்படி, தன் குற்றத்திற்குச் சமாதானம் சொல்லுதல். ஒன்பதாம்படி வியப்பிற்குரியது: போலியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல். 'நான்தான் பாவி, நான்தான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்று சிலர் எளிதில் கூறிவிடுவர். அச்சொல்லைக் கேட்டவர் 'ஆம், இவ்விடத்தில் நீங்கள் தவறினீர்கள்' என்று உடன்பட்டுவிட்டால் வீடு இரண்டுபடும். தம்மைத் தாழ்த்திப் பேசியவர் உண்மையில் எதிர்பார்த்தது மறுப்பையே.

ஸ்பெயின் நாட்டு அவிலா நகரத் தெரசா அம்மையார் (1515–1582) பணிவை உண்மையோடு இணைத்தார். பணிவு என்பது உண்மைவழி நடத்தலே என்பது அவர் கொள்கை. உள்ள திறமையை இல்லையென்பது பணிவாகாது. இல்லாததை உண்டென்பதும் ஆகாது. நன்றாகப் பாடும் பெண், பாடச் சொன்னால் பத்துமுறை மறுப்பது பணிவென்று நாம் பழக்கிவிட்டோம். கேட்டவுடன் பாடிவிட்டு அமைதியாக அமர்வதே உண்மைக்கு நெருங்கியது. அவ்வாறே, உடல் தளர்ந்தபின் தளரவில்லை என்று நடிப்பதும் உண்மைக்கு மாறு.

யாருக்குச் சொல்லவேண்டிய அறம்?

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பணிவு என்னும் அறம், வலியவர் கையில் எளியவரை அடக்கும் கோலாக மாறியதுண்டு. அமெரிக்க நாட்டில் அடிமைமுறை நிலவிய காலத்தில், பணிந்து கீழ்ப்படிதலே சமயக் கடமை என்று அடிமைகளுக்கு உரிமையாளர்கள் மறைநூலைக் காட்டியே போதித்தனர். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் என்பவர் 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வரலாற்றில், கிறிஸ்துவின் சமயம் வேறு, அடிமைகளை வைத்திருப்போர் நாட்டில் வழங்கும் சமயம் வேறு என்று ஒளிவுமறைவின்றி எழுதினார்.

அவர் கண்ட வேறுபாட்டை மேலறை நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கலாம். அங்கே முதலில் குனிந்தவர் யார்? அனைவராலும் குரு என அழைக்கப்பட்டவர். பணிவு மேலிருந்து தொடங்கிற்று. கீழிருப்பவரைப் பார்த்து 'நீ பணிந்து போ' என்று அவர் கூறவில்லை. ஆகவே பணிவைப் பற்றிப் பேச வாய்திறக்குமுன், நம்மினும் வலியவரிடம் பேசுகிறோமா, எளியவரிடம் பேசுகிறோமா என்று பார்த்தல் வேண்டும். புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மாமியார் பணிவைக் கற்பிக்க விரும்பினால், கற்பிக்கும் வழி ஒன்றே: தாம் முதலில் அவள் சொல் ஒன்றைக் கேட்டு நடத்தல். தீங்கு செய்பவரிடம் தீங்கைப் பொறுத்துக்கொண்டே இரு என்று துன்புறுவாரிடம் கூறுதல் பணிவின் போதனையாகாது.

முதுமை கற்பிக்கும் பாடம்

மறுபாதிப் பணிவு அனைவர்க்கும் ஒருநாள் கட்டாயப் பாடமாகிறது. அந்நாளுக்கு முதுமை என்று பெயர். எழுபதைக் கடந்த எங்களைப் போன்றோர்க்கு இது நூலறிவன்று. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கோயிற்படி ஏற ஒரு கை வேண்டும். ஊசியில் நூல் கோக்க ஒரு கண் வேண்டும். ஐம்பது ஆண்டுகள் பிறர் கையைப் பிடித்து எழுதக் கற்பித்தவர்கள், வங்கிப் படிவத்தை நிரப்பப் பேரப்பிள்ளையை அழைக்கிறோம். 'என்னால் முடியும், நீ போ' என்று எரிந்து விழுவதும் உண்டு. 'பிறர்க்குப் பாரமாகிவிட்டேன்' என்று புலம்புவதும் உண்டு. முதலாவது பேதுருவின் மறுப்பு. இரண்டாவது, உதவி செய்பவரை நொடிக்கொரு முறை ஆறுதல் சொல்ல வைக்கும் மற்றொரு வகைச் சுமை. இரண்டிலும் நம்மை மறந்திருக்க நம்மால் இயலவில்லை.

அண்மைக்காலச் சான்று ஒன்று கூறலாம். 2025ஆம் ஆண்டில் மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ், 2013இல் பதவியேற்ற சில நாட்களிலேயே, பெரிய வியாழனன்று ரோம் நகரத்து இளங்குற்றவாளிகள் இல்லத்திற்குச் சென்று பன்னிருவர் கால்களைக் கழுவினார். அவருள் பெண்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். இது உலகறிந்த செய்தி. நம் கருத்துக்கு இதனினும் பொருந்துவது 2024இல் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 87. சக்கர நாற்காலியை விட்டு எழுந்து மண்டியிட அவரால் இயலவில்லை. ரெபிபியா பெண்கள் சிறையில் பன்னிரு பெண்களை உயர்ந்த மேடையில் வரிசையாக அமர்த்தினர். நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொருவர் முன்னும் கொண்டுசெல்லப்பட்டு அவர் கால்களைக் கழுவினார். குனிய இயலாத முதியவருக்காகச் சிறைப்பெண்களின் இருக்கை உயர்ந்தது. அவரும் தம் நாற்காலியைத் தள்ளப் பிறர் கையை ஏற்றார். ஒரே நேரத்தில் தொண்டு செய்பவராகவும் தொண்டு பெறுபவராகவும் அம்முதியவர் விளங்கினார்.

நம் இல்லங்களுக்கு இதனால் பெறப்படும் பயன் யாது? மகன் வாங்கிவந்த சேலையின் நிறம் பிடிக்காவிடினும் அன்றே உடுத்திக்காட்டுதல். மருமகள் காலுக்கு எண்ணெய் தேய்க்க முன்வந்தால் 'உனக்கேன் சிரமம்' என்று மறுக்காது காலை நீட்டுதல். பேரன் நம் தவறான உச்சரிப்பைத் திருத்தினால் ஒருமுறை திருத்திச் சொல்லிப் பார்த்தல். பிணங்கிய உடன்பிறந்தார் முதல் கடிதம் எழுதினால், அதில் மன்னிப்பு என்ற சொல் உண்டா என்று தேடாது விடை எழுதுதல். இளையோரும் இதனை எண்ணவேண்டும். முதியோர்க்குச் செய்வதோடு நில்லாது, அவரிடமிருந்தும் ஏதேனும் பெறுங்கள். ஒரு பழைய பக்குவமோ, ஒரு கணக்குமுறையோ, ஓர் ஊரின் வரலாறோ கேட்டுப் பெறுங்கள். பெறுபவராகவே வைக்கப்பட்ட முதியவரும் உள்ளம் வாடுவார்.

கொடுக்கும் கையைத் தாழ்த்திக் கொடுக்கவும், பெறும் கையைக் கூசாமல் நீட்டவும் அறிந்த வீட்டில் யார் பெரியவர் என்னும் வழக்கிற்கு இடமிராது. இன்று மாலை யாரேனும் ஒரு குவளை நீர் கொண்டுவந்து கொடுத்தால், 'நானே எடுத்துக்கொள்வேனே' என்னாது, முகமலர்ந்து வாங்கிப் பருகுவோம்.

அறம் வளர்க! அன்பு பெருகுக!